முந்தி வந்தவரின் உரிமை: டிக்கெட் ‘பாட்’களும் நம் வியாபார ஒழுக்கமும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் நம் அனைவர் மீதும் உண்டாகட்டும். ஆமீன்.



அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களுக்குக் கேடுதான் என்று எச்சரித்து ஒரு முழு அத்தியாயத்தையே அல்லாஹ் தொடங்குகிறான் (83:1-6). தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொள்கிறார்கள். பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுகிறார்கள். மகத்தான ஒரு நாளில் தாங்கள் எழுப்பப்படுவோம் என்று இவர்கள் எண்ணவில்லையா என்று அல்லாஹ் கேட்கிறான்.

இந்த வசனங்களைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது மளிகைக் கடைத் தராசுதான். ஆனால் இன்றைய வியாபாரத்தில் ஒரு பகுதி, தராசே இல்லாத கடைகளில் நடக்கிறது. அங்கே எடைக்கல் இல்லை, படி இல்லை. ஒரு திரை இருக்கிறது, ஒரு பொத்தான் இருக்கிறது. யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்குப் பொருள் கிடைக்கும். அந்தக் கடையில் தராசைச் சாய்ப்பது எப்படி என்று கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். ‘பாட்’ எனப்படும் தானியங்கி மென்பொருளைக் கொண்டு இணையத்தில் டிக்கெட்டுகளை மொத்தமாக வாரிக்கொள்வது அதில் ஒன்று. உலகின் பல நாடுகள் இதைத் தடுக்கச் சட்டம் போட்டிருக்கின்றன. கணினித் துறையில் வேலை செய்யும் இளைஞர்கள் நம் ஜமாஅத்திலும் நிறைய இருக்கிறார்கள். வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தை மார்க்கத்தின் ஒளியில் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

வரிசைக்கு ஒரு மதிப்பு உண்டு

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலின் வாசல்களில் மலக்குகள் நின்றுகொண்டு, முதலில் வருபவரை முதலிலும் அடுத்து வருபவரை அடுத்தும் பதிவு செய்கிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முந்தி வந்தவர் ஒட்டகத்தைக் குர்பானி கொடுத்தவரைப் போன்றவர். அடுத்தவர் மாட்டை, அதற்கடுத்தவர் ஆட்டை, பிறகு வருபவர் கோழியை, கடைசியில் வருபவர் முட்டையைத் தர்மம் செய்தவரைப் போன்றவர். இமாம் மிம்பரில் ஏறிவிட்டால் ஏடுகள் சுருட்டப்பட்டுவிடுகின்றன. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது.

இந்த ஹதீஸை நாம் நன்மையின் அளவைச் சொல்வதற்காக ஓதுகிறோம். அதற்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. முந்தி வருவதற்கு அல்லாஹ்விடம் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் செல்வந்தர், ஏழை என்ற பேதம் இல்லை. விடிந்ததும் குளித்துக் கிளம்பி வந்த கூலித் தொழிலாளி முதல் ஸஃப்பில் உட்கார்ந்தால், பிறகு வரும் பெரிய மனிதர் அவரை எழுப்ப முடியாது. ஒருவரை அவர் அமர்ந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அங்கே தான் அமரக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருக்கிறார்கள்.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் ஃபஜ்ருக்கு முன்பே வந்து, முதல் ஸஃப்பில் நாற்பது பாய்களை விரிக்கிறார். ஒவ்வொரு பாயிலும் ஒரு பெயரை எழுதி வைக்கிறார். அந்தப் பெயரில் யாருமே இல்லை. பிறகு ஜும்ஆவுக்கு வருபவர்களிடம், முதல் ஸஃப்பில் இடம் வேண்டுமா, ஐநூறு ரூபாய் கொடுங்கள் என்கிறார். நானும் முந்தித்தானே வந்தேன், இடம் பிடித்தேன், விற்கிறேன், இதில் என்ன தவறு என்று வாதிடுகிறார். நம்மில் ஒருவராவது அதை ஏற்போமா? முந்தி வந்தவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் வந்தது ஒரு ஆளாக. நாற்பது ஆளாக அல்ல. டிக்கெட் பாட் செய்வது இந்த நாற்பது பாய் வேலையைத்தான்.

பாட் என்ன செய்கிறது?

ஒரு கிரிக்கெட் போட்டிக்கோ பெரிய நிகழ்ச்சிக்கோ இணையத்தில் டிக்கெட் விற்பனை திறக்கும்போது, விற்பவர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: ஒருவருக்கு நான்கு டிக்கெட்தான், அல்லது ஆறுதான். வாங்க வருவது மனிதர்தானா என்று சோதிக்க, கோணல் மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் ‘கேப்ட்சா’ சோதனையும் வைக்கப்படுகிறது. நீங்களும் நானும் அதைப் படித்து, பெயர், முகவரி, கார்டு எண் எல்லாம் நிரப்புவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பாட் அதை நொடியில் முடித்துவிடும். ஆயிரம் கணக்குகளில், ஆயிரம் பெயர்களில், ஆயிரம் வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்குவது போல் காட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் முடித்துவிடும். அந்த டிக்கெட்டுகள் பிறகு மறுவிற்பனைத் தளங்களில் கூடுதல் விலைக்கு வருகின்றன.

2016 ஜனவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டது. யூ2 என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு 2014 டிசம்பரில் டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, ஒரே ஒரு தரகர் பாட் மூலம் ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட்டுகளை எடுத்துவிட்டார் என்று அதில் பதிவாகியிருக்கிறது. அங்கே அறிவிக்கப்பட்டிருந்த வரம்பு ஒருவருக்கு நான்கு டிக்கெட்! அதாவது 253 பேருக்கு உரியதை ஒருவர் எடுத்துக்கொண்டார்.

இது அன்று தொடங்கியதல்ல. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 2002 முதல் 2009 வரை, பல்கேரியாவிலிருந்த நிரலாளர்களின் உதவியோடு, கேப்ட்சாவை ஏமாற்றும் மென்பொருளை உருவாக்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை வாங்கி விற்றது. 2010-ல் நியூஜெர்சியில் வழக்குத் தொடரப்பட்டு, அதன் நடத்துநர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு டிக்கெட் பாட்டுக்கென்று தேசிய அளவில் தனிச் சட்டம் கிடையாது. கணினி அத்துமீறல், மின்தொடர்பு வழி மோசடி ஆகிய பொதுவான சட்டங்களின் கீழ்தான் வழக்கு நடந்தது.

சட்டங்கள் எதைத் தடுக்கின்றன?

அந்தக் குறையைப் போக்க, 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ‘பாட்ஸ் சட்டம்’ கொண்டுவரப்பட்டது. அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். இருநூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்குகளில் நடக்கும் பொது நிகழ்ச்சிகளுக்கு இது பொருந்தும். டிக்கெட் வரம்பைக் காப்பதற்காக ஓர் இணையதளம் வைத்திருக்கும் தடைகளை உடைத்தோ சுற்றிவளைத்தோ போவது குற்றம். அப்படிப் பெறப்பட்டது என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், அந்த டிக்கெட்டை விற்பதும் குற்றம்.

இந்தச் சட்டத்தின் கீழ் முதல் நடவடிக்கை 2021 ஜனவரியில் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த மூன்று டிக்கெட் தரகு நிறுவனங்கள் சிக்கின. பொய்ப் பெயர்களிலும், உறவினர் நண்பர்களின் பெயர்களிலும் கணக்குகளைத் திறந்து, நூற்றுக்கணக்கான கிரெடிட் கார்டுகளைப் பயன்படுத்தி, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகளை அவை வாங்கியிருந்தன என்பது குற்றச்சாட்டு. விதிக்கப்பட்ட அபராதம் 3 கோடியே 10 லட்சம் டாலர். கட்டும் வசதி அவர்களிடம் இல்லாததால் 37 லட்சம் டாலர் வசூலிக்கப்பட்டது. இத்தனை தந்திரமும் செய்து, கடைசியில் அபராதத்தைக் கட்டக்கூட வசதியில்லாத நிலை! பரக்கத் இல்லாத பணம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

பிரிட்டனில் 2018 ஜூலையில் இதேபோன்ற விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. லாப நோக்கத்தோடு மென்பொருள் மூலம் வரம்பை மீறி டிக்கெட் வாங்குபவருக்கு அங்கே உச்சவரம்பில்லாத அபராதம் விதிக்கலாம். 2020-ல் லீட்ஸ் நகர நீதிமன்றம் இரண்டு டிக்கெட் வியாபாரிகளை மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பியது. ஒருவருக்கு நான்கு ஆண்டு, மற்றவருக்கு இரண்டரை ஆண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலமும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 2018-ல் பாட்களைத் தடை செய்தன. ஐரோப்பிய ஒன்றியம், பாட் மூலம் வரம்பு மீறி வாங்கிய டிக்கெட்டை நுகர்வோருக்கு மறுவிற்பனை செய்வதை நேர்மையற்ற வணிக முறைகளின் பட்டியலில் சேர்த்து, 2022 மே முதல் நடைமுறைப்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த பாட் தடைச் சட்டங்கள் தடுப்பது டிக்கெட் வியாபாரத்தை அல்ல. போக முடியாத ஒருவர் தன் டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்பதை அல்ல. வரம்பை ஏமாற்றிக் கடப்பதைத்தான். மறுவிற்பனை விலைக்கே உச்சவரம்பு வைத்த நாடுகளும் உண்டு. அது தனி ஏற்பாடு. நம் மார்க்கத்தின் தீர்ப்பைப் புரிந்துகொள்ளவும் இந்த வேறுபாடு தேவை.

லாபம் குற்றமா?

ஒரு வாலிபர் இப்படிக் கேட்கலாம்: ஹஜ்ரத், வாங்கி விற்பதுதானே வியாபாரம்? அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கியிருக்கிறானே? நான் நூறு ரூபாய்க்கு வாங்கி ஐநூறுக்கு விற்றால் உங்களுக்கு என்ன?

நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். லாபத்துக்கு இத்தனை சதவீதம்தான் என்று இஸ்லாம் எல்லை கட்டவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. இரண்டு மடங்கு விலை!

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்வே என்று சொல்லி, எவருடைய உயிர் விஷயத்திலும் பொருள் விஷயத்திலும் தாம் அநியாயம் செய்ததாக யாரும் வழக்குத் தொடுக்காத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புவதாகத் தெரிவித்தார்கள் (திர்மிதி, அபூதாவூத்).

ஆகவே, விலை கூடியது என்பதற்காக மட்டும் ஒரு வியாபாரத்தை ஹராம் என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் பாட் வியாபாரத்தில் தவறு எங்கே இருக்கிறது? வாங்கும் வழியில் இருக்கிறது. அதே நபி (ஸல்) அவர்கள், விலையைக் கட்டுப்படுத்தாமல் விட்டாலும், கடைத்தெருவுக்குள் நுழையும் வழிகளைக் காவல் காத்தார்கள். அந்தக் காவலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: நிபந்தனையை மீறுதல்

ஈமான் கொண்டவர்களே, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது சூரத்துல் மாயிதாவின் முதல் கட்டளை (5:1). முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழி. இணையதளத்தில் “நிபந்தனைகளை ஏற்கிறேன்” என்ற கட்டத்தை நாம் படிக்காமலேயே அழுத்துகிறோம். படிக்கவில்லை என்பதால் அது ஒப்பந்தம் இல்லை என்று ஆகிவிடாது. ஒருவருக்கு நான்கு என்று ஏற்றுக்கொண்டு ஆயிரம் எடுப்பவர் தன் சொல்லை மீறுகிறார். அவர் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ விசா பெற்று வாழ்பவராக இருந்தால், அந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்ற வாக்குறுதியும் அவர் கழுத்தில் இருக்கிறது. வாக்குறுதியைப் பற்றி விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (17:34).

இரண்டாவது: பொய்

இல்லாத ஆளின் பெயர், இல்லாத முகவரி, வேறோர் ஊரிலிருந்து வருவது போன்ற தோற்றம். இவை எல்லாம் பொய்தான். பொய்யைச் சொல்வது நாவு அல்ல, நிரல் என்பதால் அது உண்மையாகிவிடாது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கூறிவிட்டார்கள் (முஸ்லிம்). அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஈரத்தை மறைத்தார், அவ்வளவுதான். ஆயிரம் பேர் போல் வேடம் போடுபவரின் நிலை என்ன?

மூன்றாவது: தந்திரம்

கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்ந்த பனூ இஸ்ராயீல்களின் சம்பவத்தை சூரத்துல் அஃராஃபில் அல்லாஹ் சொல்லிக்காட்டுகிறான் (7:163). சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கிருந்த தடை. சோதனையாக, அந்த நாளில்தான் மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளிக்கிழமையே வலையை விரித்து வைத்து, சனிக்கிழமை மீன்கள் விழுந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அள்ளிக்கொண்டார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். சனிக்கிழமை நாங்கள் கையால் பிடிக்கவில்லையே என்பது அவர்களின் சமாதானம். அல்லாஹ் அதை ஏற்கவில்லை.

நான் வாங்கவில்லை, மென்பொருள்தானே வாங்கியது என்பதும் அதே வலைதான். முதல் நாள் இரவே வலையை விரித்துவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் எழுந்து அள்ளுகிறார்.

நான்காவது: வழிமறித்தல்

மதீனாவுக்குச் சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து சேர்வதற்கு முன்பே வழியில் போய்ச் சந்தித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கிராமத்திலிருந்து வருபவருக்காக நகரவாசி தரகு வேலை பார்ப்பதையும் தடுத்தார்கள். மக்களை விட்டுவிடுங்கள், அவர்களில் சிலரைக் கொண்டு சிலருக்கு அல்லாஹ் வாழ்வாதாரம் அளிக்கிறான் என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணத்தின் கருத்து (முஸ்லிம்).

சந்தை என்றால் எல்லோரும் வந்து, எல்லோரும் பார்த்து, எல்லோரும் கேட்டு வாங்கும் இடம். சரக்கு சந்தைக்கு வந்து சேரும் முன்பே ஒருவர் அதை வளைத்துவிட்டால், சந்தை பெயருக்குத்தான் இருக்கும். பத்து மணிக்கு டிக்கெட் விற்பனை என்று அறிவிப்பு வருகிறது. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு “விற்றுத் தீர்ந்தது” என்று திரை காட்டுகிறது. அதே டிக்கெட் பத்தே காலுக்கு வேறு தளத்தில் நான்கு மடங்கு விலையில் கிடைக்கிறது. இங்கே வியாபாரி எந்தச் சரக்கையும் உற்பத்தி செய்யவில்லை, தூரத்திலிருந்து கொண்டுவரவில்லை, நஷ்டத்தைத் தாங்கிச் சேமித்து வைக்கவில்லை. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார், அவ்வளவே.

ஐந்தாவது: கையில் இல்லாததை விற்றல்

சிலர் பாட் மீது இருக்கும் நம்பிக்கையில், டிக்கெட் கைக்கு வரும் முன்பே விற்பனைக்குப் போட்டுவிடுகிறார்கள். லீட்ஸ் வழக்கில் இந்தக் குற்றச்சாட்டும் இருந்தது. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள், தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவருக்கு விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, உன்னிடம் இல்லாததை விற்காதே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். டிக்கெட் கிடைக்காமல் போனால் ஏமாறுவது, விடுமுறை எடுத்து, பயணச் செலவு செய்து, பிள்ளைகளோடு வாசல்வரை வந்து நிற்கும் குடும்பம்தானே?

இது பதுக்கல் ஆகுமா?

பாவியைத் தவிர வேறெவரும் பதுக்க மாட்டார் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. டிக்கெட்டும் அதில் அடங்குமா என்பதில் அவசரப்படக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் பதுக்கல் தடை என்பது அடிப்படையில் உணவுப் பொருள்களைப் பற்றியது. ஹனஃபீ இமாம்களில் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு வருமோ அதெல்லாம் பதுக்கல்தான் என்றார்கள். ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியின் டிக்கெட்டை அரிசியோடும் கோதுமையோடும் ஒப்பிடுவதில் கருத்து வேறுபாடு வரலாம். ஆனால் மேலே சொன்ன பொய், நிபந்தனை மீறல், ஏமாற்று ஆகியவை ஹராம் என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டாம் கருத்து கிடையாது.

கச்சேரி டிக்கெட்தானே என்று கேட்டால்?

சிலர் நினைக்கலாம்: இசைக் கச்சேரிக்குப் போவதே சரியில்லை, போகிறவனுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் நல்லதுதானே? இது ஷைத்தான் காட்டும் குறுக்குவழி. கச்சேரியைப் பற்றிய சட்டம் வேறு. ஏமாற்றுவதைப் பற்றிய சட்டம் வேறு. ஒருவர் பாவம் செய்யப் போகிறார் என்பதால் அவர் சட்டைப்பையில் கை விட நமக்கு உரிமை வந்துவிடாது.

இன்னும் சிலர், நிகழ்ச்சி நடத்துபவர்களே கொள்ளையடிக்கிறார்கள், அவர்களை ஏமாற்றினால் என்ன என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இல்லாமலும் இல்லை. நான் சொன்ன அந்த நியூயார்க் அறிக்கையே, சராசரியாக 46 சதவீத டிக்கெட்டுகள்தான் பொதுமக்களுக்கான விற்பனைக்கு வருகின்றன என்றும், மீதி முன்விற்பனைக்கும் வேண்டியவர்களுக்கும் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன என்றும் குறை கூறியது. ஆனால் உன்னை நம்பியவருக்கு அமானிதத்தை ஒப்படை, உனக்குத் துரோகம் செய்தவருக்குக்கூட நீ துரோகம் செய்யாதே என்பதல்லவா நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி? அதுவும், பாட்டால் ஏமாறுவது நிகழ்ச்சி நடத்துபவர் மட்டுமல்ல. அவருக்கு டிக்கெட் பணம் வந்துவிடுகிறது. விழித்திருந்து காத்திருந்த சாதாரண மனிதர்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்.

நம் ஊர் ரயில் டிக்கெட்

இதே வேலை நம் நாட்டில் ரயில் டிக்கெட்டில் நடந்தபோது, அது பொழுதுபோக்கு விஷயமாக இருக்கவில்லை. தட்கல் டிக்கெட் ஏசி வகுப்புக்குக் காலை பத்து மணிக்கும், மற்ற வகுப்புகளுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கிறது. திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். வேலூர் மருத்துவமனைக்காகக் காட்பாடி போக வேண்டிய நோயாளி, மறுநாள் நேர்முகத் தேர்வுக்குப் போகும் மாணவர், மய்யித் செய்தி கேட்டு ஊருக்குப் புறப்படும் மகன், இவர்களெல்லாம் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

அனுமதியின்றி ரயில் டிக்கெட்டை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவின்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். போலிக் கணக்குகளைத் திறந்து இணையத்தில் எடுக்கும் இ-டிக்கெட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜூலை முதல், ஆதார் சரிபார்ப்பு செய்த கணக்கில் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடியும் என்ற விதியும், அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் முதல் அரை மணி நேரம் எடுக்கக் கூடாது என்ற விதியும் வந்தன. ஒரு ஆளுக்கு ஒரு பாய் என்பதுதான் இந்த விதிகளின் சாரம்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

நிரல் எழுதும் தம்பிகளே! கத்தி செய்பவன் கொலைக்குப் பொறுப்பல்ல என்று சொல்லாதீர்கள். கத்தி காய்கறியும் நறுக்கும். வரம்பை உடைத்து டிக்கெட் எடுப்பதற்கென்றே செய்த மென்பொருளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? மது விஷயத்தில் குடிப்பவரை மட்டுமல்ல, பிழிபவர், சுமப்பவர், விற்பவர் என்று பத்து பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை (5:2). அதே சமயம், உங்கள் திறமைக்கு ஹலாலான வாசலும் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவின் பாட்ஸ் சட்டமே, பாதுகாப்புக் குறைகளை ஆராய்வதற்காகவும் விதிமீறலைக் கண்டுபிடிப்பதற்காகவும் செய்யப்படும் மென்பொருளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அதே நிரலறிவு, நோக்கம் வேறு. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற ஹதீஸை நாம் சிறுவயதிலிருந்தே ஓதுகிறோமே!

டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களே! வாடிக்கையாளருக்காக உழைத்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து, சொல்லிவைத்த சேவைக் கட்டணம் வாங்குவது உங்கள் உழைப்பின் கூலி. அதற்குரிய உரிமத்தோடு, விதிகளுக்கு உட்பட்டுச் செய்யுங்கள். போலிப் பெயர்களையும் திருட்டு மென்பொருளையும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

வாங்கும் சகோதரர்களே! விலை அசாதாரணமாக இருந்தால், இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தவிர்க்க முடியாத பயணத்துக்காக வேறு வழியின்றி வாங்குபவரின் நிலை வேறு. சும்மா ஆசைக்காக வாங்கி அந்தச் சந்தையை வளர்ப்பவரின் நிலை வேறு. வாங்க ஆள் இல்லையென்றால் பாட்டுக்கு வேலை இல்லை.

இதில் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டவர் யாரேனும் இருந்தால் நிராசை அடைய வேண்டாம். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. உடனே நிறுத்துவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது, இவற்றோடு மனிதர்களின் உரிமையையும் ஒப்படைக்க வேண்டும். ஏமாந்தவர் யார் என்று தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால், நன்மையை எதிர்பார்க்காமல் அவர்கள் சார்பாக ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி உலமாக்கள் வழிகாட்டுகிறார்கள். எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கணக்கிடுவது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீண்ட பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி யா ரப், யா ரப் என்று கெஞ்சும் ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அவரது உணவு ஹராம், பானம் ஹராம், உடை ஹராம். அவருடைய துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள் (முஸ்லிம்). பயணியின் துஆ ஏற்கப்படும் என்று நம்பிக்கை தரப்பட்ட மார்க்கத்தில், ஒரு பயணியின் துஆவே தடைபட்டு நிற்கிறது! வங்கிக் கணக்கில் சேரும் எந்தத் தொகை இதற்கு ஈடாகும்?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் முஸ்லிமா இல்லையா, எதற்காக நிற்கிறார் என்றும் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். அவருடைய இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து, நம் இடத்தில் பொறுமையாக நிற்பதும் ஓர் அமானிதம்தான்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக! பிறர் உரிமை கலந்த ஒரு ரூபாய்கூட எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் பாதுகாப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் அறிவையும் திறமையையும் மக்களுக்குப் பயன் தரும் வழியில் செலுத்துவாயாக! அறிந்தும் அறியாமலும் செய்தவற்றை மன்னித்து, உரியவருக்கு உரியதை ஒப்படைக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.